கூட்டம் பிடிக்கும், பேச்சு வேண்டாம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள், முன்பு என்னிடம் படித்து இப்போது வேலைக்குப் போகிறவர்கள், பக்கத்து வீட்டு அக்காக்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: “நான் பேசாத ஆளு, சத்தமும் ஆகாது. ஆனா காசிமேடும் எம்.சி. ரோடும் இல்லாம இருக்கவும் முடியல. இது எதுல சேர்த்தி?” காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எம்.சி. ரோடு வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெரு. எனக்கும் அதே சுபாவம்தான். அஞ்சல் வழியில் உளவியல் படித்திருக்கிறேன், மருத்துவர் இல்லை. அந்த அளவில் நின்றுகொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இன்ட்ரோவர்ட். அப்படியென்றால் கூட்டம் பிடிக்கக் கூடாதே?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வேறு வேறு சமாச்சாரங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். ஆட்களோடு பேசிப் பழகினால் உங்களுக்குத் தெம்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது ஒன்று. சத்தம், வெளிச்சம், வாசனை, உரசல் எல்லாவற்றையும் உங்கள் உடம்பு எவ்வளவு பலமாக வாங்கிக்கொள்கிறது என்பது இன்னொன்று. புதுசாக எதையாவது பார்க்க வேண்டும், பரபரப்புக்குள் போய் நிற்க வேண்டும் என்கிற தாகம் மூன்றாவது. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும் என்று விதி கிடையாது. மூன்றும் ஒரே ஆளிடம் எந்த அளவில் வேண்டுமானாலும் கலந்திருக்கும்.

ஆராய்ச்சியிலும் இவை தனித்தனியாகத்தான் வந்தன. உள்முகம் (இன்ட்ரோவர்ட்), வெளிமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பிரிவை சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் முன்வைத்தார். பரபரப்பு நாட்டத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் மார்வின் சக்கர்மேன் 1964-இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். அது பிறந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: வெளிச்சமோ சத்தமோ இல்லாத அறையில் ஆட்களை வைத்துப் பார்த்த ஆய்வுகள். சிலர் அங்கே சுகமாக இருந்தார்கள், சிலர் தவித்துப் போனார்கள். யார் தவிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வித்தாள் உருவானது. புலன் நுண்ணுணர்வைத் தனிச் சுபாவமாக எடுத்து ஆராய்ந்தவர் எலைன் ஆரன். கணவரோடு சேர்ந்து 1997-இல் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நுண்ணுணர்வு மிகுந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் நன்றாகக் கலந்து பழகும் வெளிமுகக்காரர்கள் என்பது அவருடைய கணிப்பு. நுண்ணுணர்வும் பரபரப்புத் தாகமும் சேர்ந்தே இருக்கிறவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

ஆகவே நீங்கள் முரண்பாடான ஆள் இல்லை. உங்கள் கலவை இப்படி, அவ்வளவுதான்.

பேச்சு வேண்டாம், ஆனால் கூட்டம் வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்?

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நின்றிருக்கிறீர்களா? ஐஸ் அரைக்கும் மெஷின் கரகரவென்று ஓடும். கூடையிலிருந்து சங்கராவும் கானாங்கத்தையும் தரையில் சரியும். “ஓரம், ஓரம்” என்று தலைச் சுமையோடு ஒருவர் நம்மைத் தாண்டிப் போவார். ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே இருப்பார். முன் வரிசையில் நிற்கும் வியாபாரி அம்மா குனிந்து ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்ப்பார், உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று. பிறகு தலையை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பார். விலை அங்கேயே நின்றுவிடும். அந்தத் தலையசைப்பை ஏலக்காரர் பிடித்துவிட்டார், சுற்றி நிற்கும் வியாபாரிகளும் பிடித்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது நடந்ததே தெரியாது.

அந்தக் கூட்டத்தில் யாரும் உங்களை எதுவும் கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது, ஏன் இளைத்துவிட்டாய் என்ற கேள்வி ஒன்றுகூட வராது. நீங்கள் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அடுத்து என்ன பேசலாம் என்று யோசிக்க வேண்டியதும் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் தீனி கிடைக்கிறது. பழகும் வேலை மட்டும் இல்லை. இருபது பேர் இருக்கும் நிச்சயதார்த்த வீட்டில் திணறும் ஆள், ஆயிரம் பேர் இருக்கும் துறைமுகத்தில் நிம்மதியாக நிற்பது இதனால்தான். எம்.சி. ரோட்டில் தீபாவளி நெருக்கத்திலும் பாரிமுனையிலும் இதே நிம்மதி கிடைக்கும். முகம் தெரியாத இடத்தில் கூட்டம் நம்மை மறைத்துக்கொள்கிறது.

காசிமேட்டு நெரிசல் உங்களுக்கு அதிகம் என்றால் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சின்னப் படகுகள் மட்டும் வரும். சத்தமும் நெருக்கமும் பாதியாவது குறைந்திருக்கும்.

வீட்டு மிக்ஸி சத்தம் கேட்டால் பல் கூசுகிறது. தெருவில் மேளம் அடித்தால் கால் தானாகத் தாளம் போடுகிறது. இரண்டையும் கேட்பது ஒரே காதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1960-களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். திடீர் திடீரென்று வெடிக்கும் பெரிய சத்தத்தை ஆட்களுக்குக் கேட்கவைத்து வேலை கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு பொத்தான்: “தாங்க முடியாவிட்டால் அமுக்குங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் முடிந்தவரை அமுக்காமல் இருங்கள்.” பெரும்பாலும் யாரும் அமுக்கவில்லை. அதே சத்தத்தைத்தான் அவர்களும் கேட்டார்கள். ஆனால் சத்தம் முடிந்த பிறகு கொடுத்த பிழை திருத்தும் வேலையிலும், விடையே இல்லாத புதிர்களோடு மல்லுக்கட்டும் பொறுமையிலும் பொத்தான் இருந்தவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள். எப்போது வரும் என்று தெரிந்த சத்தமும் தெரியாத சத்தத்தைவிடக் குறைவாகவே பாதித்தது.

சத்தம் எவ்வளவு பெரிது என்பது பாதிக் கதைதான். நிறுத்தும் சுதந்திரம் யார் கையில் இருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று தெரிகிறதா என்பது மீதிக் கதை. மிக்ஸியை அம்மா எப்போது போடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லவும் முடியாது, சட்னி ஆக வேண்டும். மேளத்தை நீங்களாக வாசல் வரை வந்து கேட்கிறீர்கள். வேண்டாம் என்றால் உள்ளே போய்விடலாம். தாளம் இருப்பதால் அடுத்த அடி எங்கே விழும் என்று உடம்புக்கே தெரிகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: மிக்ஸியை உங்கள் கையால் போடுங்கள். எரிச்சல் பெருமளவு இறங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆரனின் கேள்வித்தாளை 2006-இல் வேறு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது அதற்குள் மூன்று இழைகள் தெரிந்தன: சீக்கிரம் திணறிப்போவது, சின்னத் தூண்டலே உறைப்பது, அழகை நுணுக்கமாக ரசிப்பது. மூன்றாவது இழையை யாரும் ஒரு குறையாகச் சொல்ல மாட்டார்கள். பறையின் தோலை நெருப்பில் காட்டச் சூடேற, அடியின் ஓசை எப்படிக் கூர்மையாகிறது, மெல்லிய நீளக் குச்சி ஒரு பேச்சும் கட்டைக் குச்சி ஒரு பேச்சும் பேசுவது எப்படி என்பதெல்லாம் உங்கள் காதில்தான் பிரிந்து விழும். பக்கத்தில் நிற்பவருக்கு அது ‘டமடம’ மட்டும். மிக்ஸியால் கூசுகிற அதே நுட்பம் கானா கச்சேரியில் டோலக்குக்காரரின் இடது கையைத் தனியாகக் கேட்கவைக்கிறது.

ரசித்துவிட்டு வந்தேன், உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் வீடு வந்ததும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. அப்படியானால் பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. பிடிப்பது வேறு, உடம்பு செலவழிவது வேறு. திருவொற்றியூர் தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவருக்கு மறுநாள் தோள் வலிக்கும். அதை வைத்துத் திருவிழா பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. புலன்களுக்கும் இதே நியாயத்தைக் கொடுங்கள்.

களைப்பு வந்தபிறகு ஓய்வு தேடுவதைவிட, போகும்போதே ஓய்வையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. துணி எடுக்கப் போகும் நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள். திரும்பி வரும் வழி கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபிறகு எங்கள் பக்கத்துக்கு இது ஒரு பெரிய வசதி. ஏசி பெட்டியில், ஹாரன் இல்லாமல், புது வண்ணாரப்பேட்டைக்கு வருவதற்குள் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வருவது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதற்கு எவ்வளவோ மேல். கட்டணம் கூடுதல்தான். கட்டுப்படியாகும் நாளில் போகும்போது பஸ், வரும்போது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். களைப்பு வரும்போதுதான் இருக்கும்.

இது கூச்சம்தானே?

கூச்சம் என்பது பயம்: மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்கிற பயம். உள்முகச் சுபாவத்தில் பயம் இருக்க வேண்டியதில்லை. மேடையேறி நன்றாகப் பேசிவிட்டு, இறங்கியதும் தனியாக டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. பேச ஆசைப்பட்டும் பயத்தால் பேச முடியவில்லை என்றால் அதற்கு உதவி தேடலாம், பலன் கிடைக்கும். பேசப் பிடிக்கவில்லை என்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை.

பிறவியிலேயே வருவதா?

ஓரளவுக்கு. ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்கு அசையும் பொம்மைகளைக் காட்டி, குரல் பதிவுகளைப் போட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்தபோது புது இடத்தில் தயங்கும் பிள்ளைகளானார்கள். ஆனால் எல்லாரும் அப்படி ஆகவில்லை. வளர்ப்பும் அனுபவமும் அவர்களை இழுத்த பக்கமும் உண்டு.

இங்கிலாந்தில் ஹான்ஸ் ஐசென்க் 1967-இல் முன்வைத்த விளக்கம், உள்முகக்காரர்களின் மூளை முதலிலேயே விழிப்பு அதிகமாக இருப்பதால் வெளித்தூண்டல் சீக்கிரம் மிஞ்சிவிடுகிறது என்பது. நாக்கில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் அவர்களுக்கு எச்சில் கூடுதலாக ஊறியதை அதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். இன்று அந்த விளக்கத்தை யாரும் முழுதாக ஏற்பதில்லை. வெளிமுகக்காரர்களுக்குப் பரிசு, பாராட்டு, புதுமை இவற்றின் மேல் இழுப்பு அதிகம், அதற்கு மூளையின் டோபமைன் அமைப்போடு தொடர்பு உண்டு என்கிற பக்கம் பலர் நகர்ந்துவிட்டார்கள். 1984-இல் ரஸல் கீன் செய்த ஆய்வில் நமக்கு உபயோகமான செய்தி இருக்கிறது. சத்தத்தின் அளவை அவரவரே தேர்ந்தெடுத்தபோது உள்முகக்காரர்கள் சின்னச் சத்தத்தையும் வெளிமுகக்காரர்கள் பெரிய சத்தத்தையும் எடுத்தார்கள். இரு சாராரும் சமமாக வேலை செய்தார்கள். அளவை மாற்றிக் கொடுத்தபோதுதான் சறுக்கினார்கள். டிவி ஓடினால்தான் கணக்கு வரும் என்கிற பிள்ளையும், ஃபேன் சத்தமே தொந்தரவு என்கிற பிள்ளையும் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஒரே ரூம் வீடு. ஆறு பேர். தனிமைக்கு எங்கே போவது?

‘உங்களுக்கென்று அமைதியான ஓர் அறையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. ஹவுசிங் போர்டு வீட்டில் குக்கர் விசில், பாட்டியின் சீரியல், தம்பியின் போனில் ரீல்ஸ், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ஒரே சுவருக்குள் நடக்கும். இங்கே இடத்தைவிட நேரத்தைத்தான் பிரிக்க முடியும்.

எல்லாரும் எழுவதற்கு முந்தைய அரை மணி, சீரியல் முடிந்து விளக்கணைத்த பிறகு ஒரு அரை மணி என்று வீட்டுக்கு வீடு ஏதாவது ஓர் இடைவெளி இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். “எனக்குக் கோபம் எதுவும் இல்லம்மா, வேலையிலேருந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் கூப்பிடாதீங்க, அப்புறம் நானே வந்து பேசுறேன்.” அந்த ‘நானே வந்து பேசுறேன்’ தான் முக்கியம், அதைக் காப்பாற்றவும் வேண்டும். சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் வீட்டில் சண்டை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போனில் சத்தமாக வீடியோ பார்ப்பதற்கு மட்டும் இயர்போன் கட்டாயம் என்று ஒரு வீட்டுச் சட்டம் போட்டாலே பாதி நிம்மதி.

வெளியே போய் உட்காரலாம் என்றால், பையன்களுக்கும் பெண்களுக்கும் இது ஒன்றுபோல் இல்லை. பையன் எண்ணூர் சாலைக் கடலோரக் கருங்கல் மேல் இரவு ஒன்பது மணிக்குத் தனியாக உட்காரலாம். அதே இடத்தில் அவன் அக்கா உட்கார்ந்தால் தெருவே பேசும், பாதுகாப்பும் இல்லை. தனிமை தேவைப்படும் பெண்களுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் இடம் மிகக் குறைவு. இது எனக்கு ஆறாத வருத்தம். பெண் தனியாக, பேசாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் உட்காரக்கூடிய இடங்களாக இன்று இருப்பவை கோயிலும் சர்ச்சும் நூலகமும்தான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் பெரிய பிராகாரத்தில் வேலை நாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் கூட்டம் இருக்காது. ராயபுரம் பீட்டர் சர்ச்சில் பூசை இல்லாத நேரத்தில் பெஞ்சில் எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கிளை நூலகங்கள் சிறியவை, ஆனால் அங்கே பேசாமல் இருப்பதுதான் ஒழுங்கு. படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு 2024-இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரியான இடம் பேட்டைக்குப் பேட்டை வேண்டும். ராயபுரம் ராபின்சன் பூங்கா, 1949-இல் கொட்டும் மழையில் திமுக தொடக்கக் கூட்டம் நடந்த அதே இடம், அதிகாலையில் நடப்பவர்களுக்கு ஏற்றது. மாலையில் பிள்ளைகள் சத்தம் இருக்கும்.

வீட்டின் மொட்டை மாடியை மறந்துவிடாதீர்கள். துணி காயப்போடப் போகிறேன் என்றால் யாரும் கூட வர மாட்டார்கள்.

கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு எதற்குப் போனாலும் “இன்னா, மூஞ்ச உம்முனு வெச்சினுகீறே?” என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மொய் எழுதும் மேஜையில் உட்காருங்கள்: பெயர், ஊர், தொகை, “சாப்பிட்டுப் போங்க” என்று நாலு வார்த்தையில் ஒவ்வொருவரோடும் பழகியாகிவிடும். சித்தப்பாவுக்கும் திருப்தி, பெரியம்மாவுக்கும் திருப்தி. பந்தியில் பரிமாறலாம், வாசலில் சந்தனம் கொடுக்கலாம். கையில் வேலை இருப்பவரிடம் யாரும் நீண்ட கேள்வி கேட்பதில்லை. பேச்சுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைத்துவிடுகிறது.

ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரில் உட்காராதீர்கள். முகூர்த்தம், சாப்பாடு இரண்டுக்கும் இருங்கள். வரவேற்புக் கச்சேரிக்கு முன்பு சொல்லிக்கொண்டு கிளம்பலாம். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் மனஸ்தாபம் ஆகும்.

எனக்கு வாயாடி என்று பெயர். ஆனால் டியூப்லைட் வெளிச்சமும் துணியின் லேபிளும் உயிரை எடுக்கின்றன.

முன்னே சொன்ன முப்பது சதவீதத்தில் நீங்கள் இருக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம், ஏனென்றால் யாரும் நம்ப மாட்டார்கள். லேபிளை வெட்டி எறியுங்கள், பருத்தி போடுங்கள், வெள்ளை டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் வெளிச்ச எல்இடி போடுங்கள். பேச்சைக் குறைக்க வேண்டாம்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர் போடுகிறார்கள். பொறுத்துக்கொள்வதுதான் வழியா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால் வரம்பு இன்னும் குறைவு. மீறினால் காவல் நிலையத்தில் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கூழ் எனக்கும் வேண்டும், அந்த அம்மனும் எங்கள் தெரு அம்மன்தான். அதனால் முதலில் மைக் செட்காரரிடம் போங்கள், திருவிழாவுக்கு ஒரு நாள் முன்பே, செட் கட்டும்போது. “அண்ணா, அந்தப் பெட்டியக் கொஞ்சம் மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுங்க, வீட்ல பச்சக் குழந்தை இருக்கு, பெரியவங்க இருக்காங்க” என்று கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். கட்டி முடித்து, பாட்டு உச்சத்தில் ஓடும்போது போய்க் கேட்டால் ஊர் மானப் பிரச்சினை ஆகிவிடும். எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும் என்று நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தாலே பாதி தாங்கிவிடலாம்.

நாற்றம் தாங்கவில்லை என்றால் “உனக்கு மட்டும் என்ன?” என்கிறார்கள்.

மீன் வாசனை என்றால் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும். சிலருக்குப் பழக நேரம் அதிகம். அது சுபாவம். ஆனால் மணலி, எண்ணூர் பக்கம் ரசாயன வாடை வந்தால் அதைச் சுபாவத்தின் கணக்கில் எழுதாதீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத் திணறிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். வீட்டில் முதலில் முகர்ந்து சொன்னவரை நம்பி வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம். நுண்ணுணர்வு உள்ளவர் ஏதோ வாடை என்றால் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பாருங்கள்.

என் பிள்ளை ஸ்கூல் ஆண்டு விழாவில் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். ஆட்டிசமா?

அதை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் புலன் உணர்வு மிகுவதும் குறைவதும் 2013 முதல் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பேச்சு, பழகும் விதம், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார். பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்க்காதது இவையும் இருந்தால் காத்திருக்க வேண்டாம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ காட்டுங்கள்.

சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் வலுக்கட்டாயமாக முன் வரிசையில் உட்கார வைப்பதை நிறுத்துங்கள். “பழகட்டும்” என்று தூக்கிக்கொண்டு போய் ஸ்பீக்கர் முன் நிறுத்தினால் பயம்தான் பழகும். விழாவுக்கு முந்தின நாள் காலி ஹாலைக் காட்டுங்கள். கதவோரம் உட்காருங்கள். “தாங்கலேன்னா என் கையைப் பிடி, உடனே வெளியே போவோம்” என்று சொல்லி, பிடித்ததும் உண்மையிலேயே வெளியே போங்கள். நீங்கள் வாக்கு மாறவில்லை என்று தெரிந்தபிறகு பல பிள்ளைகள் தாங்களாகவே உள்ளே திரும்பி வருவார்கள். தீபாவளிக்கும் இதே முறை. பட்டாசை அவன் ஜன்னலுக்குள்ளிருந்து பார்க்கட்டும். நிறையப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு வெளிச்சம் பிடிக்கும், வெடிச் சத்தம்தான் ஆகாது.

எப்போதும் காதில் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமா?

பஸ்ஸில், லேத் பட்டறையில், பட்டாசு நாளில் காதடைப்பான் நல்லதுதான். அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். அதனால் சத்தமான இடத்தில் காதைக் காப்பது யாருக்கும் அவசியம். ஆனால் அமைதியான வீட்டிலும் நாள் முழுக்க அடைத்துக்கொண்டே இருந்தால் காது இன்னும் கூர்மையாகிவிடும். இரண்டு வாரம் தொடர்ந்து காதடைப்பான் போட்டவர்களுக்குச் சாதாரண ஒலியே பெரிதாகக் கேட்டதை 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஹாரன் சத்தத்தை அமுக்கப் பாட்டை அதைவிடச் சத்தமாக வைப்பதும் வேண்டாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நேற்று வரை இல்லாமல் புதிதாகச் சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போனால் பாருங்கள். ஒற்றைத் தலைவலி, காதுக் கோளாறு, பதற்ற நோய், தலையில் பட்ட அடி எதுவும் காரணமாக இருக்கலாம். யாராவது மெல்லும் சத்தத்துக்கே கொலைவெறி வருகிறது என்றால் அதற்கும் மருத்துவத்தில் பெயரும் உதவியும் உண்டு. முன்பு ரசித்த இடங்கள் எதுவுமே பிடிக்கவில்லை, தூக்கமில்லை, யாரையும் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அதை இன்ட்ரோவர்ட் என்று சொல்லி மூடிவைக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் மனநலப் பிரிவும் இரண்டுமே உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

பேசாமல் இந்த ஏரியாவை விட்டே போய்விடலாமா?

உங்களைத் தின்பது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஆட்களின் கேள்விகள்தான் என்றால் புது இடத்திலும் ஒரு வருடத்தில் அதே கேள்விகள் வந்துவிடும். பரபரப்பு பிடிக்கும் ஆள் என்றால் ஆளரவமில்லாத புறநகர் அடுக்குமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் சலித்துப்போகும்; பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவதற்காகவே ரயிலேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தெருச் சத்தமே பிரச்சினை என்றால் ஊரை மாற்றுவதைவிட வீட்டை மாற்றிப் பாருங்கள். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி போகும் ரோட்டுப் பக்கம் படுக்கையறை ஜன்னல் இருக்கக் கூடாது. இரண்டு தெரு உள்ளே தள்ளினாலே வேறு உலகம். வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை, விடியற்காலை தண்ணீர் வரும் நேரத்தில் ஒருமுறை போய், ஜன்னலைத் திறந்தும் மூடியும் கேளுங்கள். கோயில், மண்டபம், வெல்டிங் பட்டறை எவ்வளவு தூரம் என்று கீழ் வீட்டு அக்காவிடம் விசாரியுங்கள். வீட்டு ஓனர் சொல்ல மாட்டார், அந்த அக்கா சொல்வார். மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.